தோட்டத்து ஊர் மெதடிஸ்ட் ஆலயத்தின் வரலாற்றை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது?

கீழ்ப்பேராக்கான்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் வட்டாரத்தில் உள்ள எங்கள் சிறிய தமிழ் மெதடிஸ்ட் சபைக்கு ஆண்டு விழா மலர் கொண்டுவர ஆலயக் குழு முடிவு செய்து, வரலாற்றுப் பகுதியை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. குடும்பங்களின் பெயர்கள் பொதுவில் வர வேண்டாம் என்று போதகர் கேட்டுக்கொண்டதால் சபையை வெளிப்படையாகச் சுட்டாமல் எழுதுகிறேன். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

இதற்கு முன் வெளிவந்த மலர்களில் வரலாறு என்ற தலைப்பின் கீழ் இருப்பவை போதகர்களின் பட்டியலும், அவரவர் பணியாற்றிய ஆண்டுகளும், யாருடைய காலத்தில் கூரை மாற்றப்பட்டது, யாருடைய காலத்தில் மின்விசிறி பொருத்தப்பட்டது என்ற குறிப்புகளும்தாம். அவற்றை மறுபடியும் அச்சிட எனக்கு மனமில்லை. அதற்கும் முன்னதாக ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. ஆலய முகப்புக் கல்லில் ஓர் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டின் முதல் பதிவு அதற்கு முந்தியது. ரப்பர் தோட்டத்துக் கிராணி (அலுவலக எழுத்தர்) ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அதற்கும் முன்பே ஜெபக்கூட்டம் நடந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எதை ஆரம்பம் என்று கொள்வது? இத்தகைய மலர்களைத் தயாரித்த அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆவணப்பெட்டி:

நீங்கள் குறிப்பிடும் மூன்றும் மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகளின் ஆண்டுகள். ஒன்றை ஏற்பதற்காக மற்ற இரண்டையும் தள்ள வேண்டியதில்லை. மெதடிஸ்ட் மரபில் ஓர் ஊர் எப்போது முறைப்படி பணித்தளம் ஆயிற்று என்பதை அறிய ஓரளவு தெளிவான வழி உண்டு. ஆண்டு மாநாட்டின் முடிவில் பேராயர் நியமனங்களை வாசிப்பார். எந்தப் போதகர் எந்த ஊருக்குச் செல்கிறார் என்ற அந்தப் பட்டியல் மாநாட்டு அறிக்கையில் அச்சாகும். உங்கள் ஊர்ப் பெயர் அதில் முதன்முதலாக எந்த ஆண்டில் வருகிறது என்று பாருங்கள். தனியாக வராமல் பெரிய ஊர் ஒன்றின் வட்டத்துக்குள் அடங்கியும் இருக்கலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்நாட்டில் மெதடிஸ்ட் பணி அமெரிக்கத் திருச்சபையின் தென்னிந்திய மாநாட்டிலிருந்து கிளைத்தது. பெங்களூரில் பிறந்தவரான வில்லியம் ஓல்டம், ஜேம்ஸ் தோபர்னுடன் 1885 பிப்ரவரியில் சிங்கப்பூரில் வந்திறங்கியதுதான் தொடக்கம். 1889இல் அது தனி மிஷன் ஆயிற்று. 1893இல் மிஷன் மாநாடாகவும் 1902இல் முழு ஆண்டு மாநாடாகவும் உயர்ந்தது. எனவே 1893க்குப் பிந்திய மாநாட்டு அறிக்கைகளை வரிசையாகப் பார்த்துவிடுவது நல்லது. வில்லியம் ஷெல்லபேர் 1891இல் தொடங்கிய ‘மலேசியா மெசேஜ்’ என்ற மாத இதழில் மிஷனரிகள் தங்கள் பயணங்களைப் பற்றி எழுதினார்கள். சிற்றூர்களைப் பற்றிய வரிகள் அங்கே எதிர்பாராமல் கிடைக்கும். மூன்றாவதாக, நில அலுவலகத்தில் ஆலயக் கிராண்டின் (நிலப் பட்டாவின்) முதல் பதிவைக் கேட்டுப் பாருங்கள். மெதடிஸ்ட் நடைமுறையில் ஆலய நிலம் உள்ளூர்ச் சபையின் பெயரில் இராமல் திருச்சபை அறங்காவலர்களின் பெயரில் இருக்கும் என்பதால், உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரைத் தேடி ஏமாற வேண்டாம்.

உங்கள் வட்டாரத்தைப் பொறுத்தவரை ஒரு நங்கூரம் இருக்கிறது. தெலுக் அன்சன் என்று பெயர் இருந்த காலத்தில், 1899இல், அங்கே ஆங்கிலோ சீனப் பள்ளி தொடங்கப்பட்டுவிட்டது. இன்று அந்தப் பள்ளி தாங்கியிருக்கும் ஹோர்லி என்ற பெயர், 1895இல் ஈப்போவில் இதே பெயருள்ள பள்ளியை நிறுவிய வில்லியம் ஹோர்லியினுடையது. மிஷன் பள்ளி இருந்த ஊரைச் சுற்றித்தான் போதகர்களின் நடமாட்டம் இருந்திருக்கும்.

கங்காணிபேரன்:

ஆவணப்பெட்டி ஐயா காட்டிய வழி பயனுள்ளதுதான். ஆனால் அந்த வழியில் மட்டும் போனால் மலர் மறுபடியும் துரைமார் கண்ணால் பார்த்த வரலாறாகவே முடியும். நியமனப் பட்டியலில் பெயர் வருவதற்கு முன்பே ஊரில் சபை இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஆளே இல்லாத ஊருக்கு யாரையும் நியமிக்க மாட்டார்கள்.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ஜெரெஜாக் தீவின் தனிமை முகாமில் நாள்களைக் கழித்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் ஒரு சிறு பகுதியினர் இருந்தார்கள். அவர்களில் கத்தோலிக்கர் தங்கள் ஆலயங்களைத் தேடிப் போனார்கள். எஞ்சியவர்களில் ஒருவர் திருநெல்வேலி ஆங்கிலிக்கன், இன்னொருவர் திருச்சி அல்லது தஞ்சைப் பக்கத்து லுத்தரன், மற்றொருவர் நாகர்கோவில் லண்டன் மிஷன். தோட்டத்தில் இவர்கள் ஐந்தாறு குடும்பங்களாக, வெவ்வேறு லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வரி கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அருகிலிருந்த ஊருக்கு எந்தச் சபையின் போதகர் சைக்கிளில் வந்தாரோ அந்தச் சபையினர் ஆனார்கள். மெதடிஸ்ட் கொள்கையை ஆராய்ந்து சேர்ந்தவர்கள் அவர்களில் யாரும் இல்லை என்றே நினைக்கிறேன். இந்தக் கலப்பை மலர் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. அதன் பிறகு தோட்டப் பள்ளிகள் பெருகின. வாத்தியார் கிடைக்காத இடத்தில் கிராணியோ, ஆள்களை மேய்க்கும் கங்காணியோ, எழுத்துத் தெரிந்த எவரோ பாடம் சொன்னார்கள். அந்த வாத்தியார் கிறிஸ்தவராக இருந்துவிட்டால், வார நாளில் அரிச்சுவடி நடந்த கொட்டகையில் ஞாயிறு மாலை ஜெபம் நடந்தது. பல ஊர்களில் சபையின் முதல் உபதேசியார் அந்த வாத்தியார்தான். அவர் பெயர் எந்த மாநாட்டு அறிக்கையிலும் இராது.

யாழ்வழி:

கங்காணிபேரன் அவர்களின் பட்டியலில் ஒரு முக்கியமான பிரிவினர் விடுபட்டிருக்கிறார்கள். தோட்ட அலுவலகங்களிலும் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கணக்கும் கடிதமும் எழுதிய யாழ்ப்பாணத் தமிழர்களைக் குறிப்பிடாமல் மலாயா மெதடிஸ்ட் தமிழ்ச் சபைகளின் வரலாற்றை எழுதவே முடியாது. தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் அன்சனுக்கு 1893இலேயே இரயில் ஓடத் தொடங்கியது; நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் எங்கள் முன்னோர் இந்தப் பாதை நெடுகிலும் இருந்தார்கள்.

இவர்கள் ஆங்கிலம் கற்றதே மிஷன் பள்ளிகளில்தான். வெஸ்லியன் மிஷனரிகள் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816இல் தொடங்கியது. வட்டுக்கோட்டையில் 1823இல் அமைந்த செமினரி அதன் விளைவு. ஆகவே மலாயாவில் வந்திறங்கிய யாழ்ப்பாணத்து மெதடிஸ்டுக்கும் இங்கிருந்த மெதடிஸ்ட் சபைக்கும் ஒரே பெயர் இருந்தாலும் இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தவை அல்ல. அங்கே பிரிட்டிஷ் வெஸ்லியன் மரபு. அதில் பேராயர் என்ற பதவியே கிடையாது. இங்கே அமெரிக்க எப்பிஸ்கோப்பல் மரபு. பேராயர்தான் நியமனம் செய்வார். அமெரிக்க மிஷனில் வளர்ந்தவர்களுக்கோ சபையார் கூடி முடிவெடுப்பதே பழக்கம். பேராயரின் நியமனத்துக்குக் காத்திருக்கும் முறை அவர்களுக்குப் புதிது. உங்கள் சபையின் பழைய கூட்டக் குறிப்புகளில், போதகர் மாற்றத்தைக் குறித்து உள்ளூர்ப் பெரியவர்கள் முறையிட்ட கடிதங்கள் இருந்தால், அவற்றை இந்தப் பின்னணியில் வைத்துப் படியுங்கள்.

கங்காணிபேரன்:

யாழ்வழி அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பேச்சு இவ்வளவு தூரம் வந்துவிட்டதால், மலர்களில் ஒருபோதும் எழுதப்படாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்வரிசை நாற்காலிகளில் கிராணிமாரும் டிரேசரும் (தோட்ட மருந்தகப் பணியாளரும்) வாத்தியாரும் தங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்க, பால்வெட்டுக்காரர்கள் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த ஆலயங்களை என் தாயார் பார்த்திருக்கிறார். ஆறு நாளும் தோட்டத்தில் கைகட்டி நின்றவன், ஏழாம் நாள் அதே கிராணி வேதபாடம் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். ஊரிலிருந்து கப்பலில் கூடவே வந்த சாதியும் இதில் கலந்திருந்தது. லயத்தில் தனி வரிசை, தண்ணீர்க் குழாயில் தனி முறை என்று இருந்தவர்கள் திருவிருந்துப் பந்தியில் மட்டும் உடனே ஒன்றாகிவிட்டார்கள் என்று எழுதினால் அது உண்மையாக இராது.

யாரையும் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. வரலாறு என்று பெயர் வைத்துவிட்டு இதை விட்டுவிட்டால், பாயில் உட்கார்ந்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த மலரில் தங்கள் வீட்டைக் காண மாட்டார்கள்.

யாழ்வழி:

நாற்காலி வழக்கம் உண்மைதான். எங்கள் வீட்டுப் பெரியவர்களே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். என்றாலும், ஆலயம் கட்டப் பணம் சேர்த்த நோட்டுப் புத்தகம் இருந்தால் அதையும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சம்பள நாளில் வெள்ளி (டாலர்) கொடுத்தவரும் காசு கொடுத்தவரும் ஒரே பக்கத்தில்தான் எழுதப்பட்டிருப்பார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

ஐயாமார்கள் கிராணியையும் கங்காணியையும் பற்றி விரிவாகப் பேசிவிட்டீர்கள். சபையைத் தாங்கிய பெண்களைப் பற்றி ஒருவரும் இதுவரை ஒரு வரியும் எழுதவில்லை என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்டுகிறேன்.

இந்த நாடுகளில் மெதடிஸ்ட் பெண் கல்வி தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்தே தொடங்கியது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. சோபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலிய மிஷனரி அம்மையார் 1887 ஆகஸ்டில் சிங்கப்பூர் ஷார்ட் ஸ்திரீட்டின் கடைவீடு ஒன்றில் பள்ளி தொடங்கியபோது, அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் 9 இந்தியச் சிறுமிகள். அதற்குத் தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றே பெயர். பிற்காலத்தில் புகழ்பெற்ற மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி அதிலிருந்து வளர்ந்ததுதான். தோட்டங்களில் ஆண் போதகர் நுழைய முடியாத லயத்து அடுப்படிகளுக்குள் வேதாகமப் பெண்கள் என்ற பெண் ஊழியர்கள் சென்றார்கள். மாதர் சங்கக் கணக்குப் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். போதகரின் வீட்டுக்கு அரிசி போனது எங்கிருந்து என்று தெரியும்.

எனக்கு நன்றாக நினைவிருப்பது அறுப்பின் பண்டிகை. எங்கள் பக்கத்தில் வயல் கிடையாது. ரப்பர் பாலை ஆலயத்துக்குக் கொண்டுவரவும் முடியாது, அது தோட்டத்துக்குச் சொந்தமானது. ஆகவே பெண்கள் லயத்தின் பின்புறம் தாங்களே வளர்த்தவற்றைக் கொண்டுவந்தார்கள்: மரவள்ளிக்கிழங்கு, முருங்கைக்காய், வாழைத்தார், காலைக் கட்டிய சேவல். ஆராதனை முடிந்ததும் ஏலம். சேவல் பீடத்தின் அருகே கிடந்து, பிரசங்கத்தின் முக்கியமான இடத்தில் கூவும். ஏலத்தில் ஒருவர் எடுத்த பூசணிக்காயை மறுபடியும் ஆலயத்துக்கே கொடுத்துவிடுவார். அது இரண்டாவது முறையும் ஏலம் போகும். ஆண்டு முழுதும் கையில் காசைக் காணாத பெண்கள் சபைக்கு வருமானம் தந்த வழி அது. சம்பள நாளில் கணவனின் காசு கள்ளுக்கடையைத் தாண்டி வீடு வந்து சேருமா என்பது வேறு கதை. போதகர்களின் பட்டியலுக்கு இரண்டு பக்கம் தருகிறவர்கள் இந்த ஏலத்துக்கு அரைப் பக்கமாவது தர வேண்டும்.

கீழ்ப்பேராக்கான்:

எல்லோருடைய பதில்களுக்கும் நன்றி. ஆசிரியை அம்மாவின் பதிவை அப்படியே மலரில் சேர்க்க அனுமதி கேட்டுத் தனியாக எழுதுகிறேன்.

இந்த வாரம் ஞானஸ்நானப் பதிவேடுகளை வாங்கி வந்து, ஒரு மேசையின் மேல் விரித்து முதலிலிருந்து படித்தேன். முதல் புத்தகத்தின் கீழ் ஓரம் வெள்ளத்தில் நனைந்து பழுப்பேறியிருக்கிறது. 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் என்று சிலரும் 1967 என்று சிலரும் சொல்கிறார்கள். மை கலைந்திருந்தாலும் தகப்பன் தொழில் என்ற கட்டம் பெரும்பாலும் படிக்கக்கூடியதாக இருக்கிறது. ஆரம்பப் பக்கங்களில் அந்தக் கட்டத்தில் கிராணி, டிரேசர், இரயில்வே, மறுபடியும் கிராணி. பிறகு பால்வெட்டு என்று ஒன்று; சில பக்கங்கள் கழித்துப் பால்வெட்டு, தண்டல், ஸ்டோர் வேலை, பால்வெட்டு, பால்வெட்டு என்று கட்டம் முழுவதுமே மாறிவிடுகிறது. கையெழுத்துப் போடும் இடத்தில் கட்டைவிரல் ரேகைகள் பெருகுகின்றன. யாழ்வழி அவர்கள் சொன்னதும் கங்காணிபேரன் சொன்னதும் ஒரே புத்தகத்தில் முன்னும் பின்னுமாக இருக்கின்றன.

அதைவிட என்னை நிறுத்தியது இடைவெளிகள். முப்பதுகளின் தொடக்கத்தில் பதிவுகள் சட்டென்று குறைகின்றன. போதகர் சரியில்லாத காலம் என்று எங்கள் வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அது ரப்பர் விலை விழுந்து, வேலையில்லாத தொழிலாளர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலம். நடுவில் சற்றே தேறி, ஜப்பானியர் காலத்தில் ஞானஸ்நானம் சுருங்கி, அடக்க ஆராதனைப் பதிவேடு தடிக்கிறது. ஜப்பானியர் போட்ட சயாம் இரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு அதிலும் இடமில்லை. அவர்களை இங்கே அடக்கம் செய்யவில்லையே. கடைசியாக, 1969க்குப் பிறகு சில பக்கங்களின் ஓரத்தில், குடும்பம் குடும்பமாக, ‘இந்தியா சென்றனர்’ என்று அந்தக் காலத்துப் போதகர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.

ஆவணப்பெட்டி:

அந்தச் சிவப்பு மைக் குறிப்பு மிக அரிய ஆவணம். குடியுரிமை பெறாதவர்கள் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் பெற வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம், 1969க்குப் பிறகு கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று பொதுவாகக் குறிப்பிடுவார்கள். அந்தப் பெருந்தொகையில் உங்கள் சபையிலிருந்து போனவர்கள் யார் என்பது உங்கள் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. முதலில் அந்தப் பக்கங்களைப் படமெடுத்துப் பாதுகாத்துவிடுங்கள்.

சித்தியவான் மருமகன்:

நான் சீன மெதடிஸ்ட் குடும்பத்தில் பெண் எடுத்தவன். பதினைந்து ஆண்டுகளாக இரண்டு பக்கத்து ஆலயங்களுக்கும் போய் வருகிறேன். உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத சித்தியவானோடு உங்கள் சபையை ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1903இல் மிஷனரி லூரிங், அரசாங்கத்தோடு ஏற்பாடு செய்துகொண்டு, சீனாவின் பூச்சௌ வட்டாரத்திலிருந்து கிறிஸ்தவக் குடும்பங்களைச் சித்தியவானுக்கு அழைத்து வந்தார். அவர்களோடு அவர்களுடைய போதகர்களும் வந்தார்கள். குடியேறியவர்களுக்கு நிலம் கிடைத்தது. காடு வெட்டி, பின்னர் தாங்களே ரப்பர் நட்டார்கள். பாட்டனின் நிலத்தில் பேரன் இருந்ததால், பாட்டன் கட்டிய ஆலயத்திலும் பேரன் இருந்தான். இன்று அந்தக் குடியேற்றத்துக்கென்று அருங்காட்சியகமே இருக்கிறது. எந்த ஆண்டு யார் வந்தார் என்று என் மாமனார் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லுவார்.

அதே மெதடிஸ்ட் திருச்சபை, அதே பேராக், அதே ரப்பர். நம்மவர்களுக்கு மட்டும் ஏன் இப்படி ஆயிற்று? நம்மவர்கள் கம்பெனியின் வீட்டில் குடியிருந்தார்கள். வேலை போன அன்றே வீடும் போயிற்று. வீடு போனதும் அந்தக் குடும்பம் வேறு தோட்டத்துக்கோ பட்டணத்துக்கோ கப்பலுக்கோ போயிற்று. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, நிலம் வாங்கத் தொழிலாளர்களிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. உங்கள் பதிவேட்டில் நீங்கள் கண்ட இடைவெளிகள் அனைத்துக்கும் இந்த ஒரு காரணமே போதும். போதகர் நல்லவரா கெட்டவரா என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

செம்பனைநிழல்:

சித்தியவான் மருமகன் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டபோது எங்கள் தோட்டத்தில் ஆள் தேவை குறைந்தது, லயங்கள் இடிக்கப்பட்டன. தோட்டத்தின் உள்ளே நிர்வாகத்தின் வாய்மொழி அனுமதியில் நின்ற ஜெபக்கூடத்துக்கு எந்தத் தாளும் இல்லாததால் அதுவும் போயிற்று. பட்டணத்தில் கிராண்டோடு இருந்த ஆலயம் மட்டும் தப்பியது. மலரில் அந்தச் சிறு ஜெபக்கூடங்களுக்கும் ஒரு வரைபடம் போடுங்கள்.

போதகர்வீட்டுப் பிள்ளை:

விவாதத்தை இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். போதகர்களின் பட்டியலைப் பற்றி எல்லோரும் சற்று இளக்காரமாகப் பேசுவதால் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

மெதடிஸ்ட் போதகர் ஓர் ஊருக்குச் சொந்தமானவர் இல்லை. மாநாடு அனுப்பும் இடத்துக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். என் தகப்பனார் மூன்று மாநிலங்களில் பணியாற்றினார். எந்த ஊரிலும் என் பள்ளிப் படிப்பு முழுமையாக முடிந்ததில்லை. அதனால் அவர் ஊரின் நினைவில் நிற்கவில்லை என்பது உண்மை; ஆனால் அவர் அங்கே ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடாது. அமெரிக்க மிஷனரிகளை ஜப்பானியர் சிறைப்படுத்தியபோது சபைகளைக் கையில் எடுத்தவர்கள் ஆசியப் போதகர்களும் உபதேசியார்களும்தான். 1968இல் மலேசியா, சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபை தன்னாட்சி பெற்று, இயாப் கிம் ஹாவ் முதல் ஆசியப் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்றால், ஜப்பானியர் ஆண்ட அந்த மூன்றரை ஆண்டுகளில் தாங்களே சபையை நடத்திக் காட்டியதும் அதற்கு ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தையும் நீங்கள் யாரும் தொடவில்லை. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்ட பிறகு, தோட்டங்களைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு, அரிசிக்குக் கட்டுப்பாடு. தோட்டத்து ஜெபக்கூட்டங்கள் மாலை நேரத்துக் கூட்டங்கள். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டியவர்கள் வேறு எப்போது கூடுவார்கள்? இருட்டுவதற்குள் சைக்கிளில் திரும்பிவிட வேண்டும் என்ற நெருக்கடியில் ஒரு போதகர் எத்தனை தோட்டங்களுக்குப் போக முடியும்? வாயிலில் அவருடைய பையைத் திறந்து, வேதாகமத்துக்கு அடியில் அரிசி இருக்கிறதா என்று பார்த்தார்கள் என்று அப்பா சொல்வார். பட்டியலை எடுத்துவிட வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் காலத்தில் எந்தெந்தத் தோட்டங்களில் கூட்டம் நடந்தது என்று எழுதுங்கள். அப்போது பட்டியலே வரலாறாகும்.

கங்காணிபேரன்:

இந்த யோசனையை ஏற்கிறேன். போதகர் பெயரும் தோட்டத்தின் பெயரும் ஒரே வரியில் வந்தால் என் ஆட்சேபம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்த தலைமுறை:

என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் ஜொகூரிலும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் ஊர் ஆலயம் நிறைகிறது. தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்குத் தமிழ் வேதாகமத்தை வாசிப்பது சிரமமாக இருப்பதால், எங்கள் வாலிபர் கூட்டம் பாதி ஆங்கிலத்தில் நடக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு சபை என்ன ஆயிற்று என்பதையும் மலர் சொல்ல வேண்டும். 1969உடன் நிறுத்திவிட்டால் நாங்கள் யாருடைய வரலாற்றில் இருக்கிறோம் என்று தெரியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

அப்படியானால் அந்தப் பகுதியை நீயே எழுது, தம்பி. கீழ்ப்பேராக்கான் ஐயா மறுக்க மாட்டார்.

கீழ்ப்பேராக்கான்:

மறுப்பேனா? இரண்டு பக்கம் ஒதுக்கிவிட்டேன், மாத முடிவுக்குள் வந்துவிட வேண்டும்.

குழுவிடம் இந்த இழையின் சுருக்கத்தை வாசித்துக் காட்டினேன். ஆண்டு விழாவைக் கல்லில் உள்ள ஆண்டின்படியே கொண்டாடுவது என்றும், மலரின் முதல் பக்கத்தில் ஜெபக்கூட்டம், முதல் பதிவு, கட்டடம் ஆகிய மூன்றையும் தனித்தனி வரிகளில் கொடுப்பது என்றும் முடிவாயிற்று. போதகர்களின் பட்டியல் தோட்டங்களின் பெயர்களோடு வரும். நாற்காலி, பாய் விஷயத்தில் குழுவில் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்து, கடைசியில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, ‘நான் பாயில்தான் உட்கார்ந்தேன், எழுதிக்கொள்’ என்றதும் எதிர்ப்பு அடங்கியது.

ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. சிவப்பு மையில் ‘இந்தியா சென்றனர்’ என்று குறிக்கப்பட்ட குடும்பங்களின் பெயர்களை மலரில் வெளியிடலாமா? அவர்களிடம் அனுமதி கேட்க வழியில்லை.

ஆவணப்பெட்டி:

பெயர்களை அச்சில் போட வேண்டாம். குடும்பங்களின் எண்ணிக்கை, தோட்டத்தின் பெயர், போன ஆண்டு ஆகிய மூன்றையும் மட்டும் கொடுங்கள். முழுப் பதிவேட்டின் படங்களில் ஒரு பிரதியை ஆலய அலமாரியிலும் மற்றொன்றை மாநாட்டு அலுவலகத்திலும் வைத்துவிட்டு, தங்கள் குடும்பத்தைத் தேடி வருகிறவர்கள் ஆலயச் செயலாளரைத் தொடர்புகொள்ளலாம் என்று மலரில் அறிவித்துவிடுங்கள். திருச்சிப் பக்கத்திலிருந்தும் தஞ்சைப் பக்கத்திலிருந்தும் தங்கள் பாட்டனாரின் ஞானஸ்நானச் சான்றைக் கேட்டு எழுதுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

கீழ்ப்பேராக்கான்:

அப்படியே செய்கிறோம். சனிக்கிழமை காலை பதிவேடுகளைப் படமெடுக்கிறோம். பழைய தாளைக் கையாளத் தெரிந்த ஒருவர் தெலுக் இந்தான் பக்கத்தில் இருந்தால் தனிச்செய்தியில் தெரிவியுங்கள். காலைச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.